பதினைந்து தௌ

ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை: பாரதியார், திருவள்ளுவர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள், பாரி, ஓரி, காரி, பேகன் என்று வள்ளல்கள். வாணியம்பாடியிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்ட ஒரு பழைய அம்பாசடர் அந்த வளைவுகளில் இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறும்போது, அதன் எக்ஸாஸ்ட் வால்வுகளின் தலைப்பகுதி 700 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். அந்தச் சூட்டில் எஃகு சிவந்து ஒளிரும். அப்படிச் சிவந்த நிலையிலேயே அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் காற்றுப் புகாமல் மூட வேண்டும்.

அதை ஒழுங்காக மூட வைப்பது ஓர் இடைவெளி. என்ஜின் குளிர்ந்திருக்கையில் வால்வுத் தண்டின் உச்சிக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே வேண்டுமென்றே விடப்படும் வெற்றிடம் அது. அந்தப் பழைய அம்பாசடரின் பெட்ரோல் என்ஜினுக்கு அது பதினைந்து தௌ. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு தௌ. பதினைந்து தௌ என்றால் 0.38 மில்லிமீட்டர். ஐந்து தலைமுடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தடிமன். பட்டறையில் இந்த வேலைக்கு டேப்பட் செட்டிங் என்று பெயர். பழைய கார் வைத்திருப்பவர் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகளில் என்ஜினின் உள்மனதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேலை வேறில்லை.

இடைவெளி எதற்கு? சூடேறினால் உலோகம் நீளும் என்பதால். ஊர்க் கொல்லர் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரும்புப் பட்டையைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச்சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் எஃகுத் தண்டு 200 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நீளும். வால்வுத் தண்டின் நீளமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடமே விடாமல் முறுக்கிவைத்தால், நீண்ட தண்டு போக வழியில்லாமல் ராக்கரில் முட்டும். ராக்கர் அசையாது. வால்வு தான் உட்கார்ந்து மூடும் ஸீட்டைவிட்டுக் கீழே தள்ளப்பட்டு நிற்கும். மூட வேண்டிய வால்வு மூடாது.

அங்கேதான் அழிவு தொடங்குகிறது. எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் சூட்டில் சுமார் முக்கால் பங்கு அது ஸீட்டில் உட்காரும் நேரத்தில்தான் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடந்து, தண்ணீரோடு சேர்ந்து ரேடியேட்டருக்குப் போகிறது. மீதி தண்டின் வழியே, அதைத் தாங்கும் கைடுக்குப் போகும். ஸீட்டில் உட்காராத வால்வுக்குச் சூட்டை இறக்கிவைக்க இடமில்லை. போதாக்குறைக்கு, மூடாத சந்து வழியே எரியும் வாயு பீறிட்டு விளிம்பை அரிக்கும். சில நூறு கிலோமீட்டரில்கூட விளிம்பில் ஒரு துண்டு கரைந்துபோயிருக்கும். மெக்கானிக்குகள் ‘வால்வு எரிஞ்சு போச்சு’ என்று சொல்வது உவமையே அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்வது.

இடைவெளி கூடிப்போனால் கேடு வேறு வகை. வால்வு தாமதமாகத் திறக்கும், சீக்கிரமே மூடும், முழு உயரத்துக்கு எழாது. இழுவை குறையும். ராக்கர் ஒவ்வொரு தடவையும் வால்வின் உச்சியில் சுத்தியல்போல் அடிக்கும். அந்த ‘டக் டக்’ வெளியே கேட்கும். ஆகவேதான் டேப்பட் சத்தம் கேட்டால் கவலைப்படாதே, கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்றால் கவலைப்படு என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. இரண்டும் தவறுதான், ஆனால் ஒன்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் தவறு, மற்றது சத்தமில்லாமல் வால்வைத் தின்னும் தவறு.

அந்தச் சத்தத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐடிலில் 800 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு டேப்பட் தளர்ந்திருந்தால் நிமிடத்துக்கு 400 தட்டு, அதாவது நொடிக்கு ஆறு ஏழு. காது அதைத் தனித்தனியாக எண்ணிவிடும். பேரிங் அடிபட்டு வரும் சத்தமோ கிராங்க்கின் வேகத்திலேயே, இரண்டு மடங்கு விரைவாகவும் கனமாகவும் வரும். டேப்பட்டா, பேரிங்கா என்று கேட்டமாத்திரத்தில் சொல்லிவிடும் உஸ்தாதின் காது இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைத்தான் பிடிக்கிறது.

வாணியம்பாடித் தோல் வியாபாரத்துக்குச் சென்னைப் பெரியமேடு இரண்டாவது வாசல். தூரம் சுமார் 200 கிலோமீட்டர். என்ஜின் சராசரியாக 2,500 சுற்றில் மூன்றரை மணி நேரம் ஓடியது என்று வைத்துக்கொண்டால், ஒரு போக்கில் ஒவ்வொரு வால்வும் இரண்டரை லட்சம் தடவைக்கு மேல் திறந்து மூடியிருக்கும். ஒரு தடவைக்கு நுண்ணோக்கியில்கூடப் பார்க்க முடியாத அளவு தேய்ந்தாலும், லட்சங்களால் பெருக்கினால் அது தௌ கணக்கில் வந்து நிற்கும். பதினைந்து தௌ பதினைந்தாகவே நிலைக்காததற்கு இதுதான் காரணம்.

தோலுக்கும் மோட்டாருக்கும் நேரடி உறவே இருந்த காலம் ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கார்கள் பலவற்றில் கூம்பு வடிவக் கிளட்ச். அதன் பிடிமானத்துக்கு மேலே போர்த்தியிருந்தது பதனிட்ட தோல். தோல் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும், எண்ணெய் குடித்து இளகும். இரும்பு அப்படிக் கொடுக்காது. அதற்கு முன்கூட்டியே இடம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

அம்பாசடர் என்ஜினின் பூர்விகம் இங்கிலாந்து. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958இல் அம்பாசடரைத் தயாரிக்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்த பழைய பாணி என்ஜின். விரைவிலேயே அது போய், வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இருக்கும் 1,489 சி.சி. பி-சீரீஸ் என்ஜின் வந்தது. இந்த பி-சீரீஸின் முன்னோடி ஆஸ்டின் ஏ40 காரில் இருந்த 1,200 சி.சி. என்ஜின். அந்த ஏ40 கார்களைத் தமிழ்நாட்டில் எண்ணூரில் பூட்டியது 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ். பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது அதே நிறுவனம். அம்பாசடருக்குப் பத்தாண்டு முன்பே அதன் என்ஜினின் மூத்த தலைமுறை நம் கடற்கரையில் வந்து இறங்கியிருந்தது. வால்வுகளும் அந்நியமாக நீடிக்கவில்லை. ரானே குழுமம் 1959இல் சென்னையில் என்ஜின் வால்வு தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கியது. சாதாரணத் தண்டுபோல் தெரியும் எக்ஸாஸ்ட் வால்வு பல நேரங்களில் இரண்டு உலோகங்கள் சேர்ந்தது: சூடு தாங்கும் தலைக்கு 21 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காட்டுக்கு அருகில் நிக்கலும் கலந்த எஃகு, தேய்மானம் தாங்கும் தண்டுக்குக் கடினப்படுத்தக்கூடிய வேறொரு எஃகு. இரண்டையும் உராய்வுச் சூட்டிலேயே ஒட்டவைக்கிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

என்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். ஓர் இரவு நின்ற வண்டியை விடியலில் திறப்பது உத்தமம். இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். இங்கிலாந்துக்காரர்கள் ‘குளிர்ந்த என்ஜின்’ என்று எழுதியது பத்து டிகிரிக் காலை நேரத்தை மனத்தில் வைத்து. மே மாத வாணியம்பாடியில் விடியற்காலையே முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த அளவு நமக்குப் பொருந்துமா? பொருந்தும். பி-சீரீஸில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. வால்வையும், கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுசெல்லும் புஷ் ராடையும் செய்த எஃகு அதற்கு நெருங்கிய விகிதத்தில் நீளும். எல்லாம் சேர்ந்தாற்போல் இருபது டிகிரி ஏறினால் எல்லாம் சேர்ந்தாற்போல் நீளும். நடுவே உள்ள சந்தில் ஒரு தௌகூட மாறாது. இடைவெளியை மாற்றுவது பாகத்துக்குப் பாகம் உள்ள சூட்டு வேறுபாடு. பிளாக் 80 டிகிரியில் இருக்க, வால்வுத் தலை 700இல் இருக்கும் ஓட்ட நிலைதான் அதைத் தின்கிறது. ஆகவே ‘குளிர்ந்த’ என்பதை ‘எல்லாப் பாகமும் ஒரே சூட்டில்’ என்று படிக்க வேண்டும். அரை மணி ஆறவைத்து அளப்பது இதனால்தான் தவறு: கை பொறுக்கும் சூடாக இருக்கலாம், ஆனால் ஒரே சூடாக இருக்காது.

ஹெட் அலுமினியமாக இருந்தால் கதை தலைகீழ். மாருதி 800இல் கேம் ஷாஃப்டும் ராக்கரும் அலுமினிய ஹெட்டின் மேலேயே இருக்கின்றன. இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் உலோகம் அலுமினியம். சூடேறும்போது ஹெட் விரிந்து கேமை வால்விலிருந்து அப்பால் தூக்கிவிடுவதால் சந்து கூடுகிறது. சுஸுகி கையேடுகளில் சூடான என்ஜினுக்குச் சொல்லும் அளவு குளிர்ந்த என்ஜினுக்கான அளவைவிடப் பெரியதாக இருப்பது அச்சுப்பிழை அல்ல. ஒரு காரின் எண்ணை இன்னொரு காருக்குக் கடன் வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சி.சி. என்ஜினும் புஷ் ராடு வகைதான். ஆனால் அதற்குப் பத்து தௌ.

சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டால் என்ஜின் கையால் சுற்ற லேசாக இருக்கும். பழைய அம்பாசடரின் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் வீட்டில் இருந்தால் இதற்கு அதுவே போதும். மேலே உள்ள டேப்பட் கவரின் இரண்டு நட்டைக் கழற்றினால் எட்டு ராக்கரும் வரிசையாகத் தெரியும். கவருக்கு அடியில் இருக்கும் கார்க் பேக்கிங்கைப் பிய்க்காமல் எடுக்க வேண்டும். பிய்ந்தால் புதியது போடாமல் மூடக்கூடாது, எண்ணெய் கசிந்து சைலன்சர் பைப்பில் விழும்.

எந்த வால்வை எப்போது அளப்பது? இங்கேதான் பி-சீரீஸின் அழகு. முன்பக்கத்திலிருந்து வால்வுகளை ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ள வேண்டும். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதை அளக்கலாம். ஆறு திறந்தால் மூன்று. நான்கு திறந்தால் ஐந்து. ஏழு திறந்தால் இரண்டு. இப்படியே மறுதலையாகவும். திறந்திருப்பதன் எண்ணும் அளப்பதன் எண்ணும் சேர்ந்தால் எப்போதும் ஒன்பது. ஒன்பதாம் கணக்கு என்றே இதை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் உண்டு. ஏன் ஒன்பது என்று தெரிந்துகொண்டால் மனப்பாடமே வேண்டாம்.

இந்த என்ஜின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றாம், நான்காம் பிஸ்டன்கள் சேர்ந்தே ஏறி இறங்கும். ஆனால் ஒன்று கலவையை அழுத்திக்கொண்டிருக்கும்போது மற்றது புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே கிராங்க்கில் ஒரு முழுச் சுற்று, கேம் ஷாஃப்டில் சரியாக அரைச் சுற்று. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கும் இதே உறவு. வால்வுகளின் வரிசையோ எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட், அப்புறம் மறுபடி அதே நான்கு: முன்னிருந்து பார்த்தாலும் பின்னிருந்து பார்த்தாலும் ஒன்றேதான். ஆகவே ஒன்றாவதும் எட்டாவதும் ஜோடி சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள். இரண்டாவதும் ஏழாவதும் ஜோடி இன்லெட்டுகள். ஒன்றின் கேம் மூக்கு உச்சத்தில் நின்றால், இன்னொன்றின் கேம் தன் வட்டமான முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். முதுகின் நட்டநடுவில் அளந்தால்தான் உண்மையான சந்து கிடைக்கும். மூன்று சிலிண்டர் மாருதிக்கு இந்த ஒன்பது உதவாது. அதன் கையேடு சொல்லும் வரிசையில்தான் போக வேண்டும்.

இடைவெளி அளக்கும் தகடுகளின் கட்டான பில்லர் கேஜின் பதினைந்து தௌ தகட்டில் லேசாக எண்ணெய் தடவி வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவே நுழைக்க வேண்டும். இழுத்தால் மெல்லிய பிடிப்போடு வர வேண்டும். சந்தேகம் வந்தால் 14 தௌ தகடு தாராளமாக நுழைகிறதா, 16 நுழைய மறுக்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. சரியில்லை என்றால் ராக்கரின் மறுமுனையில், புஷ் ராடுப் பக்கம் உள்ள லாக் நட்டை ரிங் ஸ்பேனரால் தளர்த்தி, நடுவிலுள்ள திருகை ஸ்க்ரூ டிரைவரால் திருப்ப வேண்டும். கையில் பொறுமை வேண்டும். திருகின் புரி இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ராக்கர் அந்த அசைவைச் சுமார் 1.4 மடங்காக்கி வால்வுப் பக்கம் காட்டும். வெறும் பத்து டிகிரி திருப்பினால் 0.04 மில்லிமீட்டர், ஒன்றரை தௌ போய்விடும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் நகரும். எனவே இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது கூடுதல் எச்சரிக்கை அல்ல, வேலையின் பாதி.

பில்லர் கேஜும் பொய் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. பல வருடம் ஓடிய ராக்கரின் அடிப்பக்கத்தில் வால்வு உச்சி அளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு அந்தக் குழிக்குள் இறங்காது. இரு கரைமேலும் பாலம்போல் படுத்துக்கொள்ளும். தகடு பதினைந்து என்று சொல்லும்போது உள்ளே உண்மையில் இருபதுக்கு மேலும் இருக்கலாம். எத்தனை தடவை செட் செய்தாலும் சத்தம் நிற்காத அம்பாசடர்களில் பலவற்றுக்கு நோய் இதுதான். தீர்வு, ராக்கரைத் தேய்த்துச் சமன் செய்வது அல்லது மாற்றுவது.

தேய்மானத்தால் சந்து கூடும் என்று இதுவரை சொன்னோம். பழைய கார்களில் அதைவிட ஆபத்தான எதிர்த்திசை மாற்றம் ஒன்று உண்டு. அதன் வேர் பெட்ரோலில் இருக்கிறது.

1921இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எதில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் என்ஜின் இடிப்பது நிற்கும் என்று கண்டார். அந்த ஈயம் எரிந்து ஸீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்தது. சிவந்த வால்வும் வார்ப்பிரும்பு ஸீட்டும் நேரடியாக ஒட்டிக்கொள்ளாமல் அந்தப் படலம் தடுத்தது. யாரும் கேட்காமல் கிடைத்த உதவி அது. ஆனால் அதே ஈயம் சைலன்சர் வழியே காற்றில் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. உலகம் அதைக் கைவிட்டது முற்றிலும் சரியான முடிவு. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுதும் அதுவே. கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது.

படலம் போனபின் என்ன நடக்கிறது? பி-சீரீஸின் மூல வடிவமைப்பில் ஸீட் தனி வளையம் அல்ல. ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. கடும் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு மூடும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய புள்ளிகளில் ஸீட்டோடு ஒட்டுகிறது; திறக்கும்போது அந்தப் புள்ளிகளைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. ஸீட் சிறுகச் சிறுகப் பள்ளமாகி, வால்வு ஹெட்டுக்குள் புதைகிறது. வால்வு எவ்வளவு புதைகிறதோ அவ்வளவு அதன் தண்டு மேலே எழும்பும், சந்து அவ்வளவு குறையும். 0.38 மில்லிமீட்டர் புதைந்தால் சந்து பூச்சியம். எந்தச் சத்தமும் வராது. என்ஜின் முன்பைவிட அமைதியாகவே ஓடுவதுபோல் தோன்றும். ஊருக்குள் கடைவீதிக்குப் போய்வரும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. நெடுஞ்சாலையில் பெங்களூருக்கு விரட்டப்படும் வண்டிக்கும் ஏலகிரி ஏறும் வண்டிக்கும் அதிகம். கேஸ் கிட் மாட்டிய வண்டிகளும் இதே பட்டியலில் சேரும், எல்.பி.ஜி.யில் ஸீட்டுக்குப் பூச்சாக உதவும் எதுவுமே கிடையாது.

சந்தேகம் வந்த வண்டியில் ஐடிலில் சைலன்சர் வாயருகே ஒரு தாள் துண்டைப் பிடித்துப் பார்க்கலாம். ஆரோக்கியமான என்ஜின் அதைச் சீராக வெளியே தள்ளும். எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை என்றால் தாள் அவ்வப்போது உள்ளே இழுக்கப்படும். பிஸ்டன் இறங்கும்போது திறந்திருக்கும் சந்து வழியே புகையைத் திரும்ப உறிஞ்சுவதன் அடையாளம் அது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டேப்பட்டைச் சரிசெய்வதற்கு முன்னால், இருந்த அளவு என்ன என்று அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, கிலோமீட்டர், எட்டு வால்வுக்கும் எட்டு எண்கள். சரிசெய்து மூடிவிட்டால் அந்தத் தகவல் போய்விடும். எந்த மெக்கானிக்காலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மூன்று நான்கு முறை எழுதிய பிறகு, எக்ஸாஸ்ட் வரிசையான 1, 4, 5, 8 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் எண் தவறாமல் குறைந்துகொண்டே வந்தால், அந்த ஸீட் புதைந்துகொண்டிருக்கிறது. ஹெட்டை அடுத்து இறக்கும்போது லேத் பட்டறையில் நான்கு எக்ஸாஸ்ட் ஸீட்டுக்கும் கடின எஃகு வளையம் போடச் சொல்லுங்கள். ஈயமில்லாப் பெட்ரோலானாலும் கேஸானாலும் அந்த வளையம் தாங்கும்.